வாசிகசாலையிலை படம் போட: எது எடுபடும், எது பிழைக்கும், ஏன்?

#1 பனங்கூடல்

மாதம் ஒருக்கா வாசிகசாலை மண்டபத்திலை படம் போட ஒரு பட்டியல் தயாரிக்கவேணும். 70, 80 சனம் வரும். முன்னுக்குப் பாயிலை பிள்ளையள், பின்னுக்குக் கதிரையிலை பெரியாக்கள். புறொஜெக்டர் 3000 லூமன் வெளிச்சம், 1024×768 புள்ளி, ஒஃபிசுகளிலை பாவிக்கிற பழைய வகை. ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு சின்ன மிக்ஸர், ஒரு லப்டொப். மழை இல்லாத மாதங்களிலை முத்தத்திலையும் போடலாம்.

படங்களைப் பற்றி என்ரை எண்ணம் இது. பிழையெண்டால் சொல்லுங்கோ.

காக்கா முட்டை (2015): யோசிக்காமல் போடலாம்.
கைதி (2019): விறுவிறுப்பு, பாட்டு இல்லை. முதல் மாதமே போட்டால் சனம் சேரும்.
வீடு (1988): அருமையான படம். ஆனால் பாதியிலை எழும்பிப் போயிடுவினம் எண்டு பயம்.
கர்ணன் (1964): 2012இலை புதுப்பிச்சு விட்ட பிரதி. வயசான ஆக்களுக்கு.
கன்னத்தில் முத்தமிட்டால் (2002): படம் வடிவு, எங்கடை யாழ்ப்பாணத் தமிழ்தான் நடிச்சவையின்ரை வாயிலை ஒட்டேல்லை.
தீபன் (2015): பெரியாக்களுக்கு மட்டும்.
கொட்டுக்காளி (2024): பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. எங்கடை மண்டபத்துக்குச் சரிவராது.

சிங்களப் படங்களும் ஒண்டு ரெண்டு போடவேணும் எண்டு கேக்கினம். எதைச் சேர்க்க, எதை விட?

#2 திரைவெளி

பனங்கூடல், கைதியை முதல் மாதம் போடாதேங்கோ. படத்திலை பிழை இல்லை. கதை முழுக்க ஒரே இரவுக்கை நடக்குது, லொறி, றோட்டு, காடு, பூட்டின கட்டடம் எல்லாம் இருட்டு. புறொஜெக்டருக்குக் கறுப்பு எண்ட நிறம் கிடையாது. அதை நிப்பாட்டின பிறகு திரை என்ன நிறத்திலை தெரியுதோ, அதுதான் அந்த மண்டபத்தின்ரை கறுப்பு. பக்கத்து வீட்டு ரியூப்லைற் யன்னலாலை விழுந்தால் அந்தக் கறுப்பு சாம்பல் ஆயிடும். பிறகு அந்தச் சாம்பலுக்கை ஆர் நிக்கினம், ஆர் அடிக்கினம் எண்டு ஒண்டும் விளங்காது. சனம் "படம் ஒரே இருட்டு" எண்டு சொல்லிப்போட்டு எழும்பும், பழி படத்திலை விழும்.

உந்தப் பயம் வீடு படத்துக்கும் சேரும். அது இழுக்கிற படமில்லை. யன்னலாலை வாற வெளிச்சத்திலைதான் பாலு மகேந்திரா வீட்டுக்குள்ளைக் காட்சியளை எடுத்திருக்கிறார். முகத்திலை ஒரு பக்கம் வெளிச்சம், மற்றப் பக்கம் மெல்லிய நிழல். அந்த நிழலுக்கைதான் சொக்கலிங்க பாகவதரின்ரை கண் இருக்கு. புறொஜெக்டரை "டைனமிக்" மோட்டிலை விட்டால் வெளிச்சப் பக்கம் வெள்ளைக் கடதாசி மாதிரியும் நிழல் பக்கம் கரி மாதிரியும் ஆகி, நடிப்பு அங்கினையே செத்துப்போகும். "சினிமா" மோட்டிலை வையுங்கோ. வெளிச்சம் மூண்டிலை ஒரு பங்கு குறையும், பரவாயில்லை.

அதோடை வீடு எங்கடை சனத்துக்கு விளங்காத படமே இல்லை. கடன் எடுக்கிறது, சிமெந்து களவு போறது, கொந்தராத்துக்காரன் ஏய்க்கிறது, கட்டி முடியாத வீட்டைத் தாத்தா தனியப் போய்ப் பாக்கிறது. அத்திவாரம் போட்டுப்போட்டு நிண்ட வீடு இல்லாத ஒழுங்கை எங்கடை பக்கம் இருக்கே? திரையும் சத்தமும் சரியாய் இருந்தால் ஒருத்தரும் எழும்பமாட்டினம்.

இனித் திரைக் கணக்கு. தியேட்டரிலை திரை வெளிச்சம் 14 ஃபுட்-லம்பேர்ட் எண்டு வைச்சிருக்கினம். கணக்கு லேசு: லூமனைத் திரையின்ரை சதுர அடியாலை பிரியுங்கோ. 3000 எண்டு பெட்டியிலை போட்டிருந்தாலும், சினிமா மோட்டிலை, கொஞ்சம் ஓடின லாம்போடை 1800 வந்தால் அது நல்ல புறொஜெக்டர். 12 அடி அகலம், 9 அடி உயரம், 108 சதுர அடி. 1800ஐ 108ஆலை பிரிச்சால் கிட்டத்தட்ட 17. தியேட்டரை விடக் கூட. அதையே ஆசைப்பட்டு 20 அடி அகலத்துக்கு விரிச்சால் 300 சதுர அடி, 6தான் வரும். கைதி எண்டில்லை, கலியாண வீட்டு வீடியோவும் அதிலை தெரியாது.

லாம்பு மாத்தின மணித்தியாலத்தை மெனுவிலை பாருங்கோ. சொல்லப்பட்ட ஆயுள் முடியேக்கை வெளிச்சம் அரைவாசிக்கு வந்திருக்கும்.

#3 பனங்கூடல்

நன்றி திரைவெளி. 12 அடித் திரையெண்டால் புறொஜெக்டர் எவ்வளவு தூரத்திலை? இப்ப மேசையிலை வைச்சுக் கீழையிருந்து மேலை அடிக்கினம், படம் மேலை அகலமாயும் கீழை ஒடுக்கமாயும் வருது. "கீஸ்ரோன்" அமத்திச் சரிப்படுத்தினம்.

#4 திரைவெளி

உந்த வகைக்கு அகலத்தைப் போல ஒண்டரை தொடக்கம் ஒண்டே முக்கால் மடங்கு தூரம். 12 அடிக்கு 18 தொடக்கம் 21 அடி. கீஸ்ரோனைத் தொடாதேங்கோ. அது படத்தை உள்ளுக்கை நசுக்கித்தான் நேராக்குது. 1024×768 எண்டதே காணாத புள்ளி, அதிலையும் ஒரு பங்கு போயிடும், கீழெழுத்து (சப்டைட்டில்) மங்கும். உயரமான மேசை, அதுக்கு மேலை ஒரு வாங்கு, இடம் வலமாய்ப் பாத்தால் லென்ஸ் திரைக்கு நேர் நடுவிலை நிக்கப் பிடியுங்கோ. கன புறொஜெக்டர்கள் லென்ஸ் மட்டத்திலையிருந்து மேல்நோக்கித்தான் படத்தை விடும். அதாலை திரையின்ரை கீழ்விளிம்புக்குக் கிட்ட லென்ஸ் இருந்தால் போதும், சரிக்கத் தேவையில்லை.

இன்னொரு விசயம். உங்கடை புறொஜெக்டர் 4:3. இப்பத்தையப் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், அதாவது அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. 1024 புள்ளி அகலத்துக்கு 428 வரிதான் படம், மிச்சம் மேலையும் கீழையும் கறுப்பு. புறொஜெக்டருக்குள்ளை படம் உருவாகிற பனலிலை 56 வீதம்தான் வேலை செய்யுது. 12 அடி அகலத்திலை படம் 5 அடி உயரம். அதே திரையிலை பழைய 4:3 படம் போட்டால் 9 அடி உயரத்துக்கு நிறைஞ்சு நிக்கும். உங்கடை கருவி பழைய படத்துக்கெண்டே செய்தது மாதிரி. அதாலை பட்டியலிலை பழசைக் கூட்டுங்கோ.

#5 பழையரீல்

திரைவெளி சொன்னதோடை ஒத்துப்போறன். ஆனால் கர்ணன் 2012 பிரதியிலை ஒரு எச்சரிக்கை. பி.ஆர். பந்துலு 1964இலை எடுக்கேக்கை அது ஸ்கோப் படமில்லை, கிட்டத்தட்டச் சதுரமான பழைய சட்டகம். 2012இலை தியேட்டருக்கு விடேக்கை ஸ்கோப் அகலத்துக்கு மாத்தினவை. 1.37ஐ 2.35 ஆக்கவேணுமெண்டால் உயரத்திலை ஐஞ்சிலை ரெண்டு பங்கு வெட்டுப்படும். கிரீடம் போகும், இல்லாட்டி கால் போகும். தேர், அரசசபை, ஆட்டம் எல்லாத்தையும் உயரத்துக்குத்தான் அடுக்கியிருக்கிறார் பந்துலு. சத்தமும் நிறமும் புதுப்பிரதியிலை நல்லாயிருக்கு எண்டதை மறுக்கேல்லை. ஆனால் உங்கடை 4:3 திரையிலை பழைய சட்டகப் பிரதிதான் முழுப்படம். தமிழிலை முதல் ஸ்கோப் படம் 1973இலை வந்த ராஜராஜ சோழன். அதுக்கு முந்தினது எதையாவது ஸ்கோப்பிலை கண்டால், ஆரோ வெட்டியிருக்கினம், இல்லாட்டி இழுத்திருக்கினம் எண்டு விளங்குங்கோ.

இழுக்கிறது இன்னும் மோசம். 4:3 படத்தை 16:9க்கு நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூண்டிலை ஒரு பங்கு அகலும். சரிபார்க்க லேசான வழி: படத்திலை ஒரு சைக்கிள் சில்லோ, சந்திரனோ, கிணத்துக் கட்டோ வாற இடத்திலை நிப்பாட்டி அடிமட்டத்தாலை அளவுங்கோ. வட்டம் வட்டமாய் இல்லாட்டி வி.எல்.சியிலை "ஏ" விசையை அமத்தி அமத்திச் சரியான விகிதத்துக்கு வாங்கோ.

நாடோடி மன்னன் (1958) போட்டால் முன்கூட்டியே சனத்துக்குச் சொல்லுங்கோ, ஒரு பகுதிதான் நிறம், மிச்சம் கறுப்பு வெள்ளை. சொல்லாட்டி "வயர் களண்டு போச்சு" எண்டு ஆரும் வந்து புறொஜெக்டரை ஆட்டுவினம். அதோடை மூண்டரை மணித்தியாலத்துக்கு மேலை ஓடும், இடைவேளை ரெண்டு விடவேணும்.

#6 வடமராட்சியாள்

எங்கடை நாட்டுப் படமே பட்டியலிலை இல்லையே? குத்துவிளக்கு (1972), கோமாளிகள் (1976), வாடைக்காற்று (1978), பொன்மணி. நாலும் நாலு விதம். கோமாளிகள் வானொலி நாடகத்திலையிருந்து வந்தது. அதாலை அது காதாலை பாக்கிற படம், திரை கொஞ்சம் மங்கினாலும் சத்தம் தெளிவெண்டால் எடுபடும். வாடைக்காற்று செங்கை ஆழியானின்ரை நாவல். பொன்மணி இந்த நாலிலையும் என்ரை தெரிவு. தர்மசேன பத்திராஜா சிங்களவர், யாழ்ப்பாணத்திலை வந்து எங்கடை சாதியையும் சீதனத்தையும் எங்களை விடக் கூச்சமில்லாமல் பாத்தவர். காவலூர் இராசதுரையின்ரை எழுத்து. அதிலை சனம் நடக்கிற நடை, வாசல்லை நிண்டு கதைக்கிற விதம், எல்லாம் நாடகத்தனம் இல்லாமல் கிடக்கு. தமிழ்நாட்டுப் படத்தின்ரை வேகத்தை எதிர்பாத்து இருக்கிற ஆளுக்கு முதல் 20 நிமிசம் பொறுமை வேணும். அதைப் படம் போட முதல் ரெண்டு வசனத்திலை சொல்லுங்கோ, போதும்.

பிறகு, கன்னத்தில் முத்தமிட்டால் பற்றிச் சொன்னியள். "ஒட்டேல்லை" எண்டால் எது ஒட்டேல்லை எண்டு சொல்லவேணும். பொதுவாய்த் தமிழ்நாட்டிலை எங்கடை கதையை எடுக்கேக்கை வாற பிழை ஒண்டில்லை, நாலைஞ்சு.

ஒண்டு, "என்ட" எண்டதையும் "என்ரை" எண்டதையும் ஒரே வாயிலை போடுறது. முதலாவது கிழக்கிலை கேக்கலாம், ரெண்டாவது யாழ்ப்பாணம். ஒரு ஆள் ரெண்டும் சொல்லாது.

"வாறன், போறன்" எண்டு குறுகி முடியிறதை "வாறேன், போறேன்" எண்டு நீட்டுறது அடுத்தது. பாதி இங்கினை, பாதி மதுரை.

"உ" வரிசையை விட்டிடுறது. எங்களுக்கு அது, இது மட்டுமில்லை, உது, உவன், உங்கினை எல்லாம் இருக்கு. முன்னுக்கு நிக்கிற ஆளின்ரை கையிலை இருக்கிற சாமானை "அது" எண்டு எங்கடை ஆள் சொல்லாது, "உது" எண்டுதான் சொல்லும். இதை ஒரு படத்திலும் சரியாய்க் கேக்கக் கிடைக்கிறது அருமை.

"பேசுறது" எண்டால் எங்களுக்கு ஏசுறது. "அம்மா உன்னோடை பேசோணுமாம்" எண்டு எழுதிவிட்டால் எங்கடை பிள்ளை பயந்து ஓடும்.

கடைசியா "வெற்றி", "பற்று" எண்டதிலை வாற ற்ற. நாங்கள் நாக்கு நுனியை மேல் அண்ணத்திலை ஒட்டிச் சொல்லுவம். அவை "வெட்ரி", "பட்ரு" எண்டுவினம்.

தெனாலி (2000) படத்திலை கமல்ஹாசன் எங்கடை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதிட்டைப் பயிற்சி எடுத்துக் கதைச்சவர். சொற்கள் பெரும்பாலும் சரி, இழுவைதான் கூடிப்போச்சு. நாங்கள் அப்பிடி ஒவ்வொரு வசனத்தையும் பாடுறேல்லை.

#7 திரைவெளி

வடமராட்சியாள், உங்கடை நாலாவது ஐஞ்சாவது குறிப்பை இனி எழுதுற ஆக்கள் வெட்டி ஒட்டி வைச்சிருக்கவேணும். ஆனால் கன்னத்தில் முத்தமிட்டால் படத்தை உச்சரிப்புக்காகத் தள்ளவேண்டாம். அந்தப் படம் ஒரு சென்னைப் பிள்ளையின்ரை கண்ணாலை எங்கடை பக்கத்தைப் பாக்குது. கதை பிள்ளையின்ரை கதை. 6 தேசிய விருது எடுத்தது, அதிலை ஒண்டு ஒலிப்பதிவுக்கு, இன்னொண்டு கீர்த்தனாவுக்கு. அந்த வயசுப் பிள்ளை தனக்கு உண்மை சொல்லப்பட்ட பிறகு முகத்தை வைச்சிருக்கிற விதம் போதும்.

தீபன் படத்திலை ஒப்பீடு இன்னும் சுவை. நாயகனாய் நடிச்ச ஷோபாசக்தி அல்லைப்பிட்டி ஆள், வாயைத் திறந்தால் வருது. காளீஸ்வரி சீனிவாசன் சென்னை, பழகிக் கதைச்சவ. ரெண்டு பேரும் ஒரே மேசையிலை இருந்து கதைக்கேக்கை வித்தியாசம் கேக்கும், ஆனால் கதையிலை அவை உண்மையான குடும்பம் இல்லை, சேர்த்துவைச்ச குடும்பம். அதாலை அந்த வித்தியாசம் உறுத்தாமல் கதைக்கே உதவுது. 2015இலை கான் திரைப்பட விழாவிலை தங்கப்பனை விருது எடுத்த படம். கடைசி 20 நிமிசம் வேறை படம் மாதிரிப் போகுது, அது எனக்குக் குறைதான்.

டூரிஸ்ட் ஃபேமிலி (2025) உந்தச் சிக்கலைக் கதைக்குள்ளேயே தீர்த்துப்போட்டுது. இலங்கைத் தமிழ் கதைச்சால் பிடிபடுவியள், மறையுங்கோ எண்டு குடும்பத்துக்குச் சொல்லப்படுது. ஒரு வசனத்திலை தடுமாறினாலும் அது பாத்திரத்தின்ரை தடுமாற்றம் ஆயிடும். குடும்பத்தோடை பாக்க நல்ல படம், சேர்க்கலாம்.

#8 ஒலிப்பெட்டி

கொட்டுக்காளி பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. பனங்கூடல், "சரிவராது" எண்டதை நான் மறுக்கிறன். இசை இல்லாத படம் எண்டால் சத்தம் இல்லாத படம் இல்லை. அதிலை ஓட்டோ என்ஜின், சேவல், காத்து, மனுசரின்ரை சண்டை எல்லாம் படப்பிடிப்பு நடந்த இடத்திலையே பதிஞ்ச சத்தம். அன்னா பென் நடிக்கிற பாத்திரம் படம் முழுக்க வாய் திறக்கிறேல்லை எண்ட மாதிரி. சுத்தியிருக்கிறவையின்ரை கூச்சல்தான் அந்த மௌனத்தை உங்களுக்குக் கேக்கவைக்குது. இரைச்சல் பிடிச்ச ஸ்பீக்கரிலை போட்டால் செத்துது.

சத்தம் பிழைக்கிறது பெரும்பாலும் நாலு இடத்திலை.

5.1, அதாவது ஆறு சனல் சத்தம் உள்ள பிரதியிலை கதைக்கிறது கிட்டத்தட்ட எல்லாம் நடுச் சனலிலை இருக்கும். உங்களிட்டை இடமும் வலமும் மட்டும்தான். ஆறையும் ரெண்டாய் ஒழுங்காய்க் கலக்காட்டி நடுச் சனல் காணாமல் போகும். "பாட்டு உடைக்குது, கதை விளங்கேல்லை" எண்டு சனம் சொல்லுறதுக்கு இதுதான் காரணம். லப்டொப்பிலை ஸ்பீக்கர் அமைப்பை "ஸ்ரீரியோ" ஆக்குங்கோ, வி.எல்.சியிலை "பாஸ்த்ரூ" எண்டதை நிப்பாட்டுங்கோ. அப்பவும் கதை தாழ்வெண்டால் எஃபெக்ட்ஸ் பகுதியிலை "கொம்பிரசர்" இருக்கு, மெல்லிசாய்ப் போடுங்கோ. ஆனால் கொட்டுக்காளிக்குப் போடாதேங்கோ, மௌனமும் இரைச்சலும் ஒரே உயரத்துக்கு வந்திடும்.

"ங்ங்" எண்டு ஒரு இரைச்சல் வந்தால் லப்டொப்பின்ரை சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ. நிண்டால் அது எர்த் சுத்து, அதாவது ரெண்டு எர்த் வழியாலை சுத்தி ஓடுற மின். எல்லாத்தையும் ஒரே சொக்கற்றிலையிருந்து எடுங்கோ. அப்பவும் நிக்காட்டி இடையிலை ஒரு ஐசோலேற்றர் போடுங்கோ, சின்னச் சாமான்தான். பிளக்கின்ரை எர்த் கம்பியை வெட்டுற வேலையை மட்டும் செய்யவேண்டாம், ஈர நிலத்திலை வெறுங்காலோடை நிக்கிற பிள்ளையின்ரை உயிர்.

புளூடூத் வேண்டாம். சத்தம் பிந்தி வரும், வாய் அசைஞ்ச பிறகு கதை கேக்கும். வயர் போடுங்கோ. வயரிலையும் பிந்தினால் "ஜே", "கே" விசைகளாலை 50 மில்லிசெக்கன் படியாய்ச் சரிப்படுத்தலாம். கதவை அடிக்கிற, கை தட்டுற காட்சியை வைச்சுச் சரிபாருங்கோ. பாட்டை வைச்சுப் பாத்தால் பிழைக்கும், அது எப்பிடியும் வாயசைப்புத்தான்.

சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபம் எண்டால் எதிரொலி. 250 ஹேட்ஸைச் சுத்தி 3 டெசிபெல் குறையுங்கோ, 2 தொடக்கம் 4 கிலோஹேட்ஸிலை அவ்வளவு கூட்டுங்கோ. பெட்டி ரெண்டும் திரையின்ரை ரெண்டு பக்கமும், இருக்கிற ஆக்களின்ரை தலைக்கு மேலை, முகம் கொஞ்சம் கீழ்நோக்கி. பின்சுவரிலை வைச்சால் திரையிலை ஆள் கதைக்க, முதுகுக்குப் பின்னாலை சத்தம் வரும். வெறும் மண்டபத்திலை சரிபாத்த அளவு சனம் வந்தால் காணாது, உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிக்கும். கொஞ்சம் இடம் மிச்சம் வைச்சுச் சரிபாருங்கோ.

#9 பனங்கூடல்

ஒலிப்பெட்டி, கொட்டுக்காளியைத் திருப்பிச் சேர்க்கிறன், உங்கடை முறையிலை சரிபாத்த பிறகு. சிங்களப் படத்துக்கு வாறன்: தமிழ்க் கீழெழுத்து ஒருத்தர் எழுதித் தாறன் எண்டு சொல்லுறார். எழுதினதைப் போட்டுப் பாத்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாய்த் தெரியுது.

#10 கீழெழுத்து

அது பாமினி எண்ட பழைய எழுத்துருவிலை அடிச்சது. பாமினியிலை கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளுக்கு ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாத்துங்கோ, பிறகு நோட்பாட்டிலை "சேவ் ஆஸ்" குடுக்கேக்கை கீழை யூ.டி.எஃப்-8 தெரிவு செய்யுங்கோ. பைலின்ரை பேர் படத்தின்ரை பேரேதான் இருக்கவேணும், முடிவு மட்டும் எஸ்.ஆர்.டி. வி.எல்.சியிலை கீழெழுத்தின்ரை எழுத்துருவை "நிர்மலா யூ.ஐ" அல்லது "நோட்டோ சான்ஸ் தமிழ்" ஆக்குங்கோ. பெட்டி பெட்டியாய்த் தெரிஞ்சால் எழுத்துருதான் காரணம்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கீழெழுத்து ரெண்டரை நிமிசம் விலகி நிண்டால் எழுதினவரிலை குறை இல்லை. படம் செக்கனுக்கு 24 சட்டகம், இந்தப் பக்கத்து டிவிடி 25. 120 நிமிசப் படம் டிவிடியிலை 115 நிமிசத்திலை முடியும். ஒண்டுக்கு எழுதினதை மற்றதுக்குப் போட்டால் போகப்போக விலகும். தொடக்கத்திலையே விலகல் எண்டால் "ஜி", "எச்" விசை போதும். போகப்போகக் கூடுற விலகலுக்கு அது உதவாது, "ட்ராக் சிங்க்ரனைசேஷன்" பகுதியிலை கீழெழுத்தின்ரை வேகத்தை மாத்தவேணும்.

எழுதுறவருக்கு: ஒரு நேரத்திலை ரெண்டு வரி, வரிக்கு ஐஞ்சு ஆறு சொல். ரெண்டு செக்கனுக்குக் குறைய ஒண்டையும் விடவேண்டாம். சொன்னதெல்லாத்தையும் எழுதத் தேவையில்லை. "சரி சரி, இரு, வாறன் எண்டு சொன்னனானெல்லே" எண்டதுக்கு "இரு, வாறன்" போதும். தமிழ்ச் சொல் நீளம், சிங்கள வசனத்தின்ரை வேகத்துக்கு முழுசாய்ப் பிடிக்க ஏலாது. மஞ்சள் நிறம், கறுப்பு ஓரம். கறுப்புப் பட்டையிலை போடாமல் படத்துக்குள்ளேயே கீழ்ப்பக்கம் போடுங்கோ, இல்லாட்டி முன்வரிசைத் தலை மறைக்கும். திரையின்ரை கீழ்விளிம்பு நிலத்திலையிருந்து 4 அடி இருக்கவேணும்.

எந்தச் சிங்களப் படம் எண்டால், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின்ரை கம்பெரலிய (1963). மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ரை நாவல், 1965இலை டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவிலை தங்கமயில் விருது எடுத்தது. கறுப்பு வெள்ளை, உங்கடை 4:3 திரைக்கு அளவாய் இருக்கும். பெரிய வீடு ஒண்டு மெல்ல மெல்லத் தேயிறதைப் பாக்கேக்கை எங்கடை நாற்சார் வீடுகள் ஞாபகத்துக்கு வரும். ரெண்டாவது பிரசன்ன விதானகேயின்ரை ஒப நதுவ ஒப எக்க (2012). அடைவுகடைக்காரச் சிங்களவர், தமிழ்ப் பெண், மூல கதை தொஸ்தயேவ்ஸ்கி. ரெண்டு பேர், ஒரு வீடு, அதிகம் பேச்சில்லை. கீழெழுத்து எழுத அதை விட லேசான படம் கிடையாது, மனசு தாங்க அதை விடக் கஷ்டமான படமும் குறைவு. போட்ட பிறகு உடனே லைற்றைப் போடாதேங்கோ, பெயர்ப் பட்டியல் முடியட்டும்.

பிள்ளையளுக்கு ஈரானியப் படம், சில்ட்ரன் ஒஃப் ஹெவன் (1997). அண்ணனும் தங்கச்சியும் ஒரு சோடிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகினம். 89 நிமிசம். கீழெழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும், ஏனெண்டால் காலையும் ஓட்டத்தையும்தான் கமரா பாக்குது. கடைசியிலை தடாகத்துக்கை வைச்ச கொப்பளிச்ச காலைச் சுத்தி மீன் வாற காட்சியிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

#11 சோளகம்

முத்தத்திலை போடுறதைப் பற்றி. ஆனி, ஆடியிலை சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கேக்கை 12 அடித் திரை பாய்மரம்தான். திரையைக் காத்துக்குக் குறுக்கை கட்டாதேங்கோ, காத்து வாற திசைக்கு விளிம்பைக் காட்டிக் கட்டுங்கோ. மேல்விளிம்பைக் கயித்தாலை இறுக்கலாம். கீழ்விளிம்பிலை ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பைக் கோத்து, பக்கங்களைப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டின பட்டியாலை கட்டுங்கோ. காத்து அடிக்க ரியூப் இழுபட்டுக் குடுத்துத் திரும்ப வரும். கயிறெண்டால் துணிதான் கிழியும்.

துணி மெல்லிசெண்டால் வெளிச்சத்திலை ஒரு பங்கு பின்னாலை போயிடும். பின்னுக்குக் கறுத்தத் துணி விடுங்கோ. பிளெக்ஸ் பனர் எண்டால் மினுங்காத பக்கம், மினுங்கினால் நடுவிலை ஒரு வெள்ளைப் பொட்டு நிக்கும். ஏழு மணிக்கு முதல் தொடங்கவேண்டாம், வானத்திலை வெளிச்சம் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை முத்தத்தை மறவுங்கோ. முதல் மழைக்குப் பிறகு ஈசல் வேறை வரும், லென்ஸுக்கு முன்னாலை முட்டும். திரையிலை வெளிச்சம் படாமல் தள்ளி ஒரு வெள்ளை பல்ப்பைப் போட்டால் கனக்க அங்கினை போகும்.

வலிகாமத்துச் செம்மண் தூசி புறொஜெக்டருக்குச் சத்துரு. முத்தத்திலை போட்ட அடுத்த நாள் பில்ரரைக் கழட்டித் தூரிகையாலை தட்டுங்கோ. அடைச்சால் லாம்பு சூடேறித் தானாய் நிக்கும், சனம் கரண்ட் போச்செண்டு நினைக்கும்.

கரண்ட் போறது வேறை கரைச்சல். புறொஜெக்டர் 300 வாற்ஸ், லப்டொப் 65, அம்பிளிபயர் 200. எல்லாம் சேர்த்து 600க்குள்ளை. புறொஜெக்டரை மட்டுமாவது யூ.பி.எஸ்ஸிலை போடுங்கோ. லாம்பு சூடாய் இருக்கேக்கை விசிறி நிண்டால் லாம்பின்ரை ஆயுள் போகும். படம் முடிஞ்ச உடனை பிளக்கை இழுக்கிற ஆள் ஒருத்தர் எல்லா இடத்திலையும் இருப்பார், அவரை அந்தப் பக்கம் விடாதேங்கோ. விசிறி தானாய் நிக்கும்வரை ரெண்டு நிமிசம்.

#12 பழையரீல்

வடமராட்சியாள் சொன்ன எங்கடை பழைய படங்களுக்கு இன்னும் ஒண்டு. "கதை துள்ளுது, எடிட்டிங் சரியில்லை" எண்டு சனம் சொல்லும். 35 மில்லிமீற்றர்ப் பிலிம் நிமிசத்துக்கு 90 அடி ஓடும், 1000 அடிச் சுருள் 11 நிமிசம். சுருளின்ரை தொடக்கமும் முடிவும்தான் ஒவ்வொரு முறையும் கையிலை படுறது, கோக்கிறது, கிழியிறது, வெட்டி ஒட்டுறது. அப்பிடித் தேய்ஞ்ச பிரதியிலையிருந்து எடுத்த வீடியோவிலை பத்துப் பதினொரு நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு துள்ளல் வரும். மணிக்கூட்டைப் பாத்தால் விளங்கும். இயக்குனர் வைச்ச வெட்டு அப்பிடிக் கணக்காய் வராது.

கோடு விழுந்த பிரதிக்கு "ஷார்ப்னெஸ்" முழுக்கக் குறையுங்கோ. கூட்டினால் கோடுதான் முதல் தெரியும்.

அனுமதி எடுக்கிறதையும் விடவேண்டாம். ரிக்கற் இல்லாட்டிலும் ஊருக்குப் போடுறது பொதுக்காட்சிதான், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதுக்கும் பொருந்தும். சின்னப் படங்களின்ரை ஆக்கள் கேட்டால் பெரும்பாலும் ஓம் எண்டுவினம், சிலவேளை நல்ல பிரதியும் தருவினம். 2015 தொடக்கம் நடக்கிற யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலை எங்கடை இளம் ஆக்களின்ரை குறும்படங்கள் ஓடுது. பெரிய படத்துக்கு முதல் 15 நிமிசம் அதிலை ஒண்டு போடலாம்.

#13 பனங்கூடல்

சரி, முதல் மாதம் காக்கா முட்டை. ரெண்டாம் மாதம் வெளிச்சமான, நீளம் குறைஞ்ச ஒண்டு வேணும், ஆக்கள் எட்டரைக்கு வீட்டை போகவேணும் எண்டுகினம். திரைக்குத் துணியை விட்டிட்டுச் சுவருக்கே வெள்ளை அடிக்கலாமோ எண்டும் ஒரு கதை.

#14 திரைவெளி

கூழாங்கல். பி.எஸ். வினோத்ராஜ், 2021இலை ரொட்டர்டாம் திரைப்பட விழாவிலை புலி விருது எடுத்தது. 75 நிமிசம்தான். ஏழேகாலுக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடியும். முழுக்க வெயில், வறண்ட வெளி, அப்பனும் மகனும் நடக்கினம். உங்கடை புறொஜெக்டருக்கு அதை விடத் தோதான படம் இல்லை, பக்கத்து வீட்டு லைற்றும் அதை ஒண்டும் செய்யாது. அப்பன்ரை வாயிலை தூசணம் வரும், பாயிலை இருக்கிற சின்னனுகளைக் கூப்பிடாதேங்கோ. தண்ணி விடாய்க்குப் பெடியன் வாயிலை கல்லை வைச்சிருக்கிறதையும், கடைசியிலை ஊத்துக்குழியிலை தண்ணி கோலிக் கோலி அள்ளுறதையும் நெடுந்தீவு ஆக்களுக்கோ எங்கடை தீவுப்பகுதி ஆக்களுக்கோ விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கடைசிக் காட்சி நீளம். ஒருத்தரும் முன்கூட்டி லைற்றைப் போடாமல் சுவிச்சடியிலை ஒராளை நிப்பாட்டுங்கோ.

சுவர் துணியை விட நல்லது. பழைய பெயின்ரைச் சுரண்டி, வெடிப்பைப் பட்டி வைச்சு, கடதாசியாலை தேய்ச்சு, மினுங்காத வெள்ளை இமல்ஷன் ரெண்டு தரம். ரோலராலை அடியுங்கோ, தூரிகைக் கோடு படத்திலை தெரியும். முதல் தரம் காய்ஞ்ச பிறகு டோர்ச்சைச் சுவரோடை ஒட்டிப் பக்கவாட்டிலை அடிச்சுப் பாருங்கோ, மேடு பள்ளம் எல்லாம் நிழலாய்த் தெரியும், அப்பவே தேய்ச்சுச் சரிப்படுத்தலாம். 12க்கு 9 அடி, சுத்தவரக் கறுப்பிலை நாலு அங்குலக் கரை. கரையை விட்டிடாதேங்கோ, படம் அதுக்குள்ளை வந்து நிண்டாத்தான் கண் திரையெண்டு நம்பும்.